தட்டு, பிள்ளை

"மேல பார். கீழ பார். இப்ப என்ர விரலைப் பார்."

தனஞ்சயன் சின்ன டோர்ச்சை மகளின் கண்ணுக்குள் அடித்துப் பார்க்கிறார். சண்டைப் பயிற்சி முடிந்து மிதுனா வீட்டுக்குள் கால் வைத்ததும் இது நடக்கும். பிறகுதான் அவளுக்குத் தேநீர். வெள்ளவத்தையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவருக்கு இருபது வருடமாக வேலை. தலையில் பட்ட அடியால் கண்மணி சுருங்க அரை நொடி பிந்தினாலும் தனக்குத் தெரியும் என்பார். தெரிந்தால் என்ன செய்வார் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

நான் எதிர்வீட்டுக்காரன். அவருடைய கவலைகள் எனக்கு அத்துபடி. இருபத்து மூன்று வயது மிதுனா நான்கு வருடம் கொட்டாஞ்சேனையில் குத்துச்சண்டை பழகினாள். அதற்குள் அவரும் ஒருவாறு பயத்தோடு இருக்கப் பழகிக்கொண்டார். போன வருடம் அவள் எம்எம்ஏ என்கிற கூண்டுச் சண்டைக்கு மாறினாள். அவர் முதலிலிருந்து பயப்படத் தொடங்கினார்.

"பொக்ஸிங்கில ஒரு ஒழுங்கு இருக்கு, தம்பி. விழுந்தா மற்றவள் விலகோணும். ரெஃப்ரி எண்ணுவார். அதுக்குள்ள நான் ரெண்டு மூச்சு விட்டிடுவன். உதில விழுந்தாப் பிறகுதான் சண்டையே துவங்குது! மேல ஏறி இருந்து அடிக்கினம், கழுத்தை நெரிக்கினம்."

மிதுனா காலணியைக் கழற்றியபடியே சொன்னாள்: "எண்ணி எழுப்பிவிடுறது திரும்பத் தலையில அடி வாங்கத்தான், அப்பா. இதில ஏலாட்டி கையால தட்டினாச் சரி. உடன விட்டிடுவினம்."

"நீ தட்டுவியோ?"

அவள் குளிக்கப் போய்விட்டாள்.

முதற்போட்டி மார்ச் மாதம். எதிராளி அவள் முதுகில் தொற்றிக்கொண்டு கழுத்தைக் கையால் இறுக்கினாள். மிதுனாவின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. கை மட்டும் தட்டவில்லை. தனஞ்சயன் எழுந்து நின்று கத்தினார்: "தட்டு பிள்ளை! தட்டு!" கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் தட்டினாள். தோற்றாள்.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் ஒரேயொரு தடவைதான் வாய் திறந்தாளாம். "நான் கழன்றிருப்பன், அப்பா. உங்கட குரல் கேட்டுத்தான் தட்டினனான்."

மறுநாள் தனஞ்சயன் என் வாசலில் வந்து நின்றார். "நான் அவளைக் காப்பாத்தினனானோ, கெடுத்தனானோ?" அதன் பிறகு வீட்டில் அவர் சத்தமாகத் தும்மக்கூட யோசித்தார்.

போன ஞாயிறு இரண்டாவது போட்டி. வரலாம், ஆனால் வாய் திறக்கக்கூடாது என்று மிதுனா சொல்லியிருந்தாள். துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை அவருக்கு.

இரண்டாம் சுற்றில் அதே பிடி. அதே கழுத்து. பக்கத்திலிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். நான் கூண்டைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தேன். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். நான்காக மடித்தார். வாய்க்குள் திணித்துப் பற்களால் கடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மூக்கால் மட்டும் மூச்சு.

நான் கூண்டுப் பக்கம் திரும்பியபோது மிதுனா எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள், தோளைத் திருப்பினாள், புரண்டாள். கழன்றுவிட்டாள்! கடைசி மணி அடித்தபோது தன் கால்களில் நிமிர்ந்து நின்றாள். நடுவர்கள் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள்.

கூண்டுக்குள்ளிருந்து அவள் கண்கள் கூட்டத்தில் தேடின. தனஞ்சயன் கையை உயர்த்தி ஆட்டினார். கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்க மறந்திருந்தார்.