உறை பிரிக்காத ஆயிரம் படங்கள்

என் வீட்டுக்காரருக்கு அவருடைய சிநேகிதர்கள் வைத்த பெயர் ‘ஆயிரம் படம்’. வாங்கிய கணக்கில் அது சரிதான். பார்த்த கணக்கில் அவரை ‘ஒரு படம்’ என்றுகூடக் கூப்பிட முடியாது. இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். இருபத்திரண்டு வருஷம் மூச்சுவிடாமல் வைத்திருந்தேன்.

அவருக்கு ஒரு பெரிய குடோனில் வேலை. மூட்டை தூக்குகிற வேலை இல்லை, தூக்குகிறவர்களைப் பார்க்கிற வேலை. ஜன்னல் இல்லாத அறை. எதிரே பதினாறு திரைகள். நாற்காலியில் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவற்றைப் பார்க்க வேண்டும். சத்தம் கிடையாது. கேமராக்கள் மேலே இருப்பதால் ஆட்களின் உச்சந்தலைதான் தெரியும். வழுக்கையை வைத்தும் தொப்பியை வைத்தும் ஆள் சொல்வார். ஒருமுறை கடைத்தெருவில் எதிரே வந்து சிரித்த சக ஊழியரை இவருக்கு அடையாளமே தெரியவில்லை. அந்த மனுஷன் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தபோதுதான், “அட, நீயாப்பா” என்றார்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்தால் டிவி பக்கமே திரும்ப மாட்டார். மகளும் நானும் அவர் தூங்கின பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு திருடர்கள் மாதிரி பார்ப்போம். அவரே ஒரு நாள் சினிமா டிவிடியோடு வந்து நின்றபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வாடகைக்குப் படம் கொடுக்கிற கடையை மூடுகிறார்களாம். யாரும் எடுக்காமல் கண்ணாடித்தாள்கூடப் பிரியாமல் கிடந்தவற்றை வாசலில் ஒரு கூடையில் கொட்டி வைத்திருந்தார்களாம். கறுப்பு வெள்ளைப் படம், எந்த ஊர் பாஷை என்றும் தெரியாது. அட்டையில் ஒரு பெண் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காலைலேர்ந்து தலையத் தலையப் பாத்துட்டு வந்தேன். இவ மூஞ்சி நேரா என்னப் பாத்துச்சு. வெச்சுட்டு வர மனசில்ல,” என்றார்.

“சரி, போடட்டுமா?” என்றேன்.

“இப்ப வேணாம், கண்ணு எரியுது. ரிட்டயர் ஆகட்டும். நீயும் நானும் உக்காந்து தெனம் ஒண்ணு பாக்கலாம்.”

அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான். முதலில் கூடையில் கிடந்தவை. பிறகு எந்தப் படம் எந்த நாட்டில் எந்த வருஷம் வந்தது, யார் எடுத்தது, வெட்டுப்படாத பிரதி எத்தனை நிமிஷம் ஓடும் என்று புத்தகம் வாங்கிப் படித்தார். இவரைப் போலவே கிறுக்குப் பிடித்த இன்னும் நாலு பேரைக் கண்டுபிடித்தார். கடல் தாண்டிப் பொட்டலங்கள் வந்தன. ஓவர்டைம் பார்த்ததெல்லாம் அதற்கே போனது. கட்டிலுக்கு அடியில் நிரம்பியது, பரண் நிரம்பியது, மகள் கல்யாணமாகிப் போனதும் அவளுடைய அலமாரி நிரம்பியது. கடைசியில் சமையலறையில் மாவு டப்பாக்களுக்கு நடுவிலும் வந்து உட்கார்ந்தது. ஒரே ஒரு கட்டளை. மேலே சுற்றியிருக்கிற கண்ணாடித்தாளை யாரும் கிழிக்கக் கூடாது.

நான் திட்டவில்லையா? தினமும் திட்டினேன். நான் திரைச்சீலை தைக்கிறவள். ஜவுளிக் கடையிலிருந்து துணி வரும், அளவுப்படி தைத்துக் கொடுக்க வேண்டும். துணியை விரிக்கத் தரையில் இடம் இல்லாமல் அந்தப் பெட்டிகளை நகர்த்தி நகர்த்தியே இடுப்பு போயிற்று. ஆனாலும் ஒன்றைக்கூடத் தூக்கி எறியவில்லை. காரணத்தை வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன். அவர் வருவார், சாப்பிடுவார், கண்ணை மூடுவார். மகளுக்குக் காய்ச்சல் என்பேன், வீட்டுக்காரம்மா வாடகையை ஏற்றுகிறாள் என்பேன். மூடிய கண்ணோடு “ம்” என்பார். அந்த ‘ம்’மோடுதான் குடும்பம் நடத்தினேன். அதனால் ‘நீயும் நானும் உக்காந்து’ என்று அவர் சொன்னது எனக்குப் பெரிய சொத்து. ஒவ்வொரு பெட்டி வரும்போதும் வாய் திட்டும், மனசு ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளும்.

நடுவில் ஒரு பேராசிரியர் வந்து சேர்ந்தார். கல்லூரியில் சினிமாவைப் பாடமாக நடத்துகிறவர். மாதம் ஒரு தரம் நோட்டுப் புத்தகத்தோடு வருவார். படங்களை இரவல் தர இவர் சம்மதிக்கவில்லை. கண்ணாடித்தாள் ஏன் கிழியவில்லை என்று கேட்டால், பார்த்த பிரதி வேறே, இது சேமிப்புக்கு என்பார். ஆனால் அவற்றைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினார். எல்லாம் பெட்டியின் பின்பக்கம் அச்சடித்திருந்தது, கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பார். நான் தையல் மெஷினை வேகமாக மிதித்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வேன். “சார் மாதிரி பாத்தவங்க இந்த ஊர்லயே கெடையாது,” என்பார் பேராசிரியர். குடோனில் முப்பது வருஷத்தில் இவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற மறுநாள் பத்து மணிக்கு முதல் கண்ணாடித்தாளைக் கிழித்தார். எந்தப் படம் என்று கேட்க வேண்டாம், கூடையில் கிடைத்த அதே பெண்தான். நான் அன்றைக்குத் தையலை ஒதுக்கி வைத்துவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் சோபாவில் உட்காரவில்லை. சாப்பாட்டு மேஜை நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

கால் மணி நேரம் போயிருக்கும். திரை நிறைய அந்தப் பெண்ணின் முகம். அழுகிறாள். நானும் அழுகிறேன். இவர் மெதுவாகச் சொன்னார்:

“பின்னாடி கதவு தொறந்து கெடக்கு.”

“அவ புருஷன் செத்துட்டான்னு சேதி வந்திருக்குங்க.”

“அது சரி. யாராவது உள்ள வந்துட்டா?”

அடுத்த படத்தில் ரயில் நிலையத்தில் இரண்டு பேர் பிரிகிறார்கள். பெஞ்சுக்குக் கீழே ஒரு பை இருந்ததாம், நான் பார்க்கவே இல்லை. படம் முடிகிறவரை இவர் பையோடு கிடந்தார். ரயில் போய், வருஷங்கள் போய், அவர்களுக்கு நரைத்தும் போயிற்று. “அந்தப் பைய யாரும் எடுக்கலியே,” என்றார். சினிமாவில் சும்மா வைத்த பை அது என்றேன். “சும்மா எவன் பைய வெப்பான்?” என்று அன்று சரியாகச் சாப்பிடவும் இல்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒன்பதாம் திரையின் மூலையில், ஏணியிலிருந்து ஒரு ஆள் விழுந்து இருபது நிமிஷம் அப்படியே கிடந்திருக்கிறான். இவர் நடுத் திரையில் லாரி வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் பிழைத்தான், ஆனால் கால் போய்விட்டது. அதிலிருந்து இவர் எதையும் நடுவில் பார்ப்பதில்லை. மூலை, கதவு, யார் உள்ளே போனார்கள், யார் வெளியே வரவில்லை, அவ்வளவுதான். சத்தத்தோடு பார்த்தும் பழக்கமில்லை. முகத்தைப் பெரிதாகக் காட்டினால், மறைக்கிறது என்று கழுத்தை நீட்டி ஓரம் பார்ப்பார்.

பதினோரு படம் தாக்குப்பிடித்தோம். பன்னிரண்டாவது பாதியில் ரிமோட்டை எடுத்து நிறுத்தினார்.

“என்னால முடியல. இன்னும் டூட்டில இருக்கற மாதிரியே இருக்கு. நீ பாரு,” என்று எழுந்து வெளியே போனார்.

எங்கே போகிறார் என்று ஜன்னல் வழியே பார்த்தேன். தெருமுனை வரை போய், எதிர்ப்பக்கம் நின்று, வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. என் மேலும் வந்தது. இத்தனை வருஷம் சேர்த்து வைத்த நாட்கள் பதினோரு படத்தோடு முடிந்து போயின.

நானாகத் தனியே பார்க்க ஆரம்பித்தேன். மதியத்தில் ஒன்று. மடியில் துணி, கையில் ஊசி. கீழே ஓடுகிற எழுத்து வேகமாக ஓடினால் நிறுத்தி நிறுத்திப் படிப்பேன். யாரோ ஒருத்தி பனியில் துணி துவைப்பாள், யாரோ ஒருத்தன் மகளுக்குச் செருப்புத் தேடி ஊரெல்லாம் அலைவான். முதலில் தனியாகச் சாப்பிடுகிற மாதிரி குற்றமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அறுபது எழுபது படம் பார்த்திருப்பேன். அவர் அந்த நேரத்தில் நடக்கப் போய்விடுவார். திரும்பி வந்தும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

ஒரு நாள் பேராசிரியரைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் கல்லூரிக்கே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். என்னிடம் யோசனை கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு போகட்டும், தரையாவது காலியாகும் என்று நானும் வீம்பாக இருந்தேன்.

பேராசிரியர் அட்டைப் பெட்டிகளோடு வந்தார். இரண்டு பெட்டி நிரம்பின. நிரப்பும்போது ஒரு டிவிடியை எடுத்துத் தனியே வைத்தார்.

“சார், வீட்ட விக்கப்போற கெழவியப் பத்தின இந்தப் படத்த அடுத்த வாரம் கிளாஸ்ல பேசணும். பாக்க நேரமே கெடைக்கல. முடிவு மட்டும் சொல்லுங்க, குறிச்சுக்கறேன்.”

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “கடைசில வீட்ட வித்துட்டு மகன்கிட்ட போயிடறா. ஒரு தாயோட விடுதலைன்னு சொல்லலாம்.”

“எங்க போனா? அவ போகவே இல்லியே,” என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மெஷின் நின்றுவிட்டது. பேராசிரியரின் பேனாவும் நின்றது. நான் அவசரமாக, “வேற ஏதோ படத்த நெனச்சுக்கிட்டேன் சார்,” என்றேன். இவர் இல்லையென்று தலையாட்டினார்.

“இல்ல சார், அவ சொல்றதுதான் சரி. நான் பாக்கல.”

“இந்தப் படத்தயா?”

“எதையுமே. அவதான் பாத்தா.”

“அப்ப பத்து வருஷமா நான் கிளாஸ்ல சொன்னதெல்லாம்?”

“அட்டைல இருந்தது சார். பின்பக்கம்.”

பேராசிரியர் பக்கத்திலிருந்த பெட்டிமேல் உட்கார்ந்தார். உள்ளே ஏதோ நொறுங்கியது. யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, மீதியைச் சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று இவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு இரண்டு பெட்டியோடு போனார். தனியே எடுத்து வைத்த டிவிடியை மறந்துவிட்டார்.

இவருக்குக் கிடைத்த ஒரே மரியாதையை நான் ஒரு வாக்கியத்தில் காலி பண்ணிவிட்டேன். பக்கத்தில் போய், “தப்புப் பண்ணிட்டேங்க,” என்றேன். அவர் சுவரைப் பார்த்தபடி இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அவ ஏன் போகல?” என்றார்.

எந்த அவள் என்று எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் சொன்னேன். வீடு பார்க்க வருகிற ஒவ்வொருத்தரிடமும் அந்தக் கிழவி ஒரு பொய் சொல்லி விரட்டுகிறாள். சுவரில் ஈரம் என்பாள், கிணற்றில் யாரோ விழுந்தார்கள் என்பாள். கடைசியில் காது கேட்காத ஒருத்தன் வருகிறான். அவனிடம் பொய் சொல்ல வழி இல்லை. கையைப் பிடித்து அறை அறையாகக் காட்டுகிறாள்.

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். “அப்புறம்?”

அவர் கழுத்தை நீட்டி ஓரம் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்னமோ கூச்சமாக இருந்தது. முடிவு வரை சொன்னேன்.

சனிக்கிழமை பேராசிரியருக்குப் போன் பண்ணி, “மீதி இருக்கட்டும் சார். இவ இன்னும் பாத்து முடிக்கல,” என்றார்.

ஆக, மதியம் நான் பார்க்கிறேன், சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே சொல்கிறேன். கேட்க நன்றாக இருக்கும், செய்து பார்த்தால் தெரியும். எனக்கும் அறுபது ஆகப்போகிறது. தொண்டை கட்டுகிறது, கண் எரிகிறது. மறந்துபோன இடத்தில் நானாக ஏதாவது போட்டுச் சொல்லிவிடுகிறேன். இன்னும் எண்ணூறு இருக்கின்றன என்று நினைத்தாலே படுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நேற்று முடியவில்லை. “இன்னிக்கு படமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆள விடுங்க,” என்றேன். சரி என்று உட்கார்ந்திருந்தார். நான் காய் நறுக்கினேன். வாய் சும்மா இருக்காமல், ஜவுளிக் கடை மேனேஜர் நான் தைத்த எட்டுத் திரைச்சீலையை அளவு சரியில்லை என்று திருப்பிவிட்டதைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அளவு எழுதிக் கொடுத்ததே அவன்தான். அத்தனை பேருக்கு முன்னால் என்னை நிற்க வைத்துப் பேசினான். முப்பது வருஷமாகச் சுவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பதுபோலத்தான் இதையும் சொன்னேன்.

“அப்புறம்?” என்றார்.

நிமிர்ந்தேன். நாற்காலி என் பக்கம் திரும்பியிருந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு நான் அவனிடம் என்ன திருப்பிக் கேட்டேன், கேட்க நினைத்து என்ன கேட்காமல் வந்தேன் என்று முதலிலிருந்து சொன்னேன்.