தொண்ணூற்றேழரை டிகிரி

அந்த நாட்களில் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எழுபதுகளின் கடைசியில், மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். ரெக்கார்டு நோட்டில் எல்லாச் சோதனைகளுக்கும் என் கையெழுத்து இருந்தால்தான் செய்முறைத் தேர்வு எழுத முடியும். ஒன்று குறைந்தாலும் ஒரு வருஷம் போய்விடும்.

ஜவ்வாது மலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த மாணவி ஒருத்தி இருந்தாள். புளி உலுக்கும் சமயத்தில் வீட்டில் ஆள் போதாமல் ஊருக்குப் போய்விடுவாள். அதனால் அந்த வருஷம் ஒரே ஒரு சோதனை அவளுக்கு விட்டுப்போயிருந்தது. தண்ணீர் கொதிக்கும்போது எழும் ஆவியில் தெர்மாமீட்டரைப் பிடித்து, எத்தனை டிகிரி என்று எழுத வேண்டும், அவ்வளவுதான்.

"தெர்மாமீட்டர் குடுங்க மேடம், வூட்லயே பார்த்து எழுதினு வர்றேன்" என்றாள். என்னவோ அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தேன், கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். தொண்ணூற்றேழரை டிகிரி என்று எழுதியிருந்தது.

"தண்ணி எங்கேயாவது தொண்ணூத்தேழரையில கொதிக்குமா? குத்துமதிப்பா எழுதினியா?"

"மூணு வாட்டி பார்த்தேன் மேடம். அதான் வந்துச்சு."

"நூறுன்னு திருத்து. கையெழுத்துப் போடறேன்."

அவள் பேனாவை எடுக்கவேயில்லை. "வராத நம்பர எப்டி மேடம் எழுதறது?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோட்டை மேஜைமேல் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். தேர்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

லேபிலேயே ஒரு தடவை கொதிக்க வைத்துப் பார்த்திருக்கலாம். தோன்றவில்லை. நான் சந்தேகப்பட்டது தெர்மாமீட்டரை அல்ல, அவளைத்தான். பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை அவளையும் இழுத்துக்கொண்டு, மலைமேல் போகும் ஜமுனாமரத்தூர் பஸ் ஏறினேன். வளைவுகளெல்லாம் தாண்டியும் கோபம் குறையவில்லை. இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டியிருந்தது.

சாமை புடைத்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பாவிடம் வந்த காரியத்தைச் சொன்னேன். "சுடுதண்ணி வெச்சுப் பார்க்கவா இம்மாந்தூரம் வந்தீங்க?" என்று சிரித்துக்கொண்டே அடுப்பை மூட்டினார்.

தெர்மாமீட்டரை நானே பிடித்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பாதரசம் தொண்ணூற்றேழரையில் போய் நின்றது. இன்னும் விறகைத் தள்ளச் சொன்னேன். அது அசையவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உயரம் கூடக் கூட காற்றழுத்தம் குறையும், தண்ணீர் நூறுக்கு முன்பே கொதித்துவிடும். வருஷா வருஷம் நானே கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடம் இது. வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அங்கேயே நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். "தப்பு என்னுதும்மா" என்று சொல்லவும் செய்தேன்.

அன்றைக்கு வீட்டில் தங்கிவிட்டு வருவதாகச் சொல்லி, என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மேடம், நம்ம காலேஜும் கடல்மட்டத்துல இல்லியே. மத்தவங்க நோட்ல மட்டும் எப்டி எல்லாருக்கும் நூறு வந்துச்சு?"

பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை, யாரும் வருமுன் லேபில் பர்னரைப் பற்றவைத்தேன். தொண்ணூற்றொன்பதைக் கொஞ்சம் தாண்டிய பாதரசம் நூறைத் தொடவில்லை. பக்கத்து மேஜையில் முப்பது நோட்டுகளுக்கு மேல் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாவற்றிலும் நூறு, எல்லாவற்றின் கீழும் என் கையெழுத்து. நான் மாணவியாக இருந்தபோது எழுதியதும் நூறுதான். தண்ணீரைக் கொதிக்க வைத்த ஞாபகம் எனக்கு இல்லை.

வகுப்பு வந்ததும் அந்தச் சோதனைக்குப் போட்ட கையெழுத்தையெல்லாம் அடித்து, நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி செய்யுங்கள் என்றேன். ஒரு மாணவன் எழுந்து, "எவ்ளோ வரணும் மேடம்?" என்று கேட்டான்.

"கொதிக்க வெச்சுப் பார்த்துட்டு நீ எனக்குச் சொல்லு" என்றேன்.