கழற்றி வைத்த ரோட்டர்

உரும்பிராயில் எங்கள் பழைய காருக்கு ஏன் தீப்பொறி வரவில்லை என்று தேடிய மெக்கானிக், வெடிப்பு விழுந்த ரோட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதை என் உள்ளங்கையில் வைத்தார். பெருவிரல் அளவுதான், அது இல்லாமல் பிளக்குகளுக்குப் பொறி போகாது.

"வெளியூர் போகேக்கை உந்த ரோட்டரைக் கழட்டி வையுங்கோ அக்கா. ஒருத்தரும் காரைக் களவெடுக்கேலாது."

அம்மாவும் அப்படித்தான் செய்தார். சண்டைக் காலத்தில் காரை யாராவது கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்து, மாலையில் ரோட்டரைக் கழற்றி, நாளுக்கோர் இடத்தில் ஒளிப்பார். ஒரு விடியலில் கார்க் கொட்டிலுக்குப் போன அவரைப் பாம்பு கடித்தது. காரின் பின் சீற்றில் கிடத்தியபோது அவருக்கு நினைவில்லை. ரோட்டரைத் திரும்பப் பூட்டியிருப்பார் என்று நம்பிய அப்பா, பெற்றோல் கிடைக்காததால் மண்ணெண்ணெயில் ஓட்டிய எஞ்சினைச் சுழற்றிச் சுழற்றிக் களைத்து, கடைசியில் ரோட்டர் இருக்கும் மூடியைத் திறந்தார். ரோட்டர் இல்லை.

"எங்கை வைச்சனீர்? சொல்லுமன்!" என்று அம்மாவின் கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தார். நான் அரிசிப் பானையைக் கவிழ்த்தேன். மிளகாய்த்தூள் டின்னைக் கொட்டினேன். சாமிப் படங்களைக்கூடக் கழற்றி எறிந்தேன். கடைசியில் மாட்டு வண்டிலில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

நேரம் போய்விட்டது என்றார் டாக்குத்தர். தாதி அம்மாவின் சேலையைச் சுருட்டி என்னிடம் தந்தார். தலைப்பில் ஒரு முடிச்சு இருந்தது. உள்ளே இருப்பது என்னவென்று அவிழ்க்காமலே தெரிந்தது.

"நான் கழட்டமாட்டன் தம்பி," என்று புது ரோட்டரை மெக்கானிக்கிடம் நீட்டினேன். "களவு போனால் போகட்டும். பூட்டுங்கோ."