நரி முகத்தில் விழிக்க வைத்த கதை

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் விலங்கியல் மாணவி. நரியைப் பற்றி ஆராய்ச்சி என்றால் அப்போதெல்லாம் சுட்டு, தோலை உரித்து, வைக்கோல் அடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் நிறுத்துவதுதான். எனக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. "உயிரோட பாக்கறேன் சார்" என்று பேராசிரியரிடம் அடம்பிடித்து, பைனாகுலரும் கையுமாக உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் வந்து தங்கிவிட்டேன்.

ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு வளையில் நரி குட்டி போட்டிருந்தது. விடிகாலையில் போய், காற்று என் முகத்தில் அடிக்கிற பக்கமாகத் தள்ளி உட்காருவேன். மனுஷ வாடை பட்டால் போச்சு, குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு இடம் பார்த்துவிடும். அதனால் வளை எங்கே என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

வீட்டுக்கார அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டமாயிற்றே! அவர் மகளைப் பெண் பார்த்த இரண்டு இடமும் தட்டிப்போயிருந்தது. வாலாஜாபாத்திலிருந்து மூன்றாவது இடம் மறுநாள் வருகிறார்கள்.

"வளை எங்க கீதுன்னு சொன்னா இன்னா கொறைஞ்சிடப் போவுது? எம்பொண்ணு ஒரு பார்வை பாத்துட்டு வந்துடுவா."

"இன்னைக்கு உங்க பொண்ணு, நாளைக்கு ஊரே வரும். முடியாதும்மா."

"நரிக்குப் பாக்கற, எங்களுக்குப் பாக்கலியே!" என்று சிடுசிடுத்தவர், சற்று நேரத்தில் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். "நீ நரியைப் பாத்துட்டு நேரா வா. உம்மூஞ்சில அவ முழிக்கட்டும்."

அடக் கடவுளே! சிரிப்பை அடக்கிக்கொண்டு சரி என்றேன்.

மறுநாள் திரும்பி வந்தபோது அவள் கூடத்துப் பாயில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தாள். திறக்காமலே கிசுகிசுத்தாள்: "நரியைப் பாத்தீங்களா அக்கா?"

"பாத்தேன்."

"பாக்கலைன்னு சொல்லிடுங்கக்கா. எனுக்கு டீச்சர் ட்ரெயினிங் போவணும்."

பார்த்ததைப் பார்த்தபடி சொல்பவள் என்று எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. இருந்தும் சமையலறைக்குப் போய், "இன்னைக்கு நரி வரலைம்மா" என்றேன்.

அம்மா அடுப்பை விட்டுத் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனுக்குப் பொய் சொல்லவே வரல" என்றார். பிறகு கூடத்துக்கு வந்து மகள் பக்கத்தில் குந்தினார்.

"இன்னாடி, உனுக்கு இஷ்டமில்லியா?"

முன்னால் இரண்டு மாப்பிள்ளை வந்தபோதும் அவளிடம் அதை யாரும் கேட்டதில்லை. எழுந்து உட்கார்ந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.