ஹிட்டிங் கோச் ஜெகநாதன்

திருப்பதியில் எதற்கும் ஒரு கோச் உண்டு. போலீஸ் வேலைக்கு ஓட ஒருவர், பேங்க் வேலைக்குக் கணக்குப் போட ஒருவர், விசா அதிகாரி முன்னால் திக்காமல் பேச ஒருவர். பேஸ்பால் பந்தை அடிக்கச் சொல்லித்தரத்தான் ஆளில்லாமல் இருந்தது. அரக்கோணத்திலிருந்து வந்த ஜெகநாதன் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தார். அப்படி ஒரு குறை இருந்ததே ஊருக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

ஜெகநாதன் அடிப்படையில் ஜிம் மாஸ்டர். ஒரு லாட்ஜின் கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே அவருடைய ஜிம். உடம்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் உண்மையாகவே தெரியும், சங்கடமே அதுதான். எதுவுமே தெரியாதவனை நாம் எளிதில் மன்னித்துவிடலாம், ஒன்று தெரிந்ததால் ஒன்பதும் தெரியும் என்று நம்புகிறவனை என்ன செய்வது? அமெரிக்கக்காரர்கள் பந்தை அடிக்கும் வீடியோக்களைச் செல்போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து அவர் வித்தை கற்றார். அந்த வீடியோக்கள் எல்லாம் மட்டையில் பந்து படுவதோடு முடிந்துவிடும். முழு ஆட்டம் ஒன்றை அவர் பார்த்ததில்லை. கேட்டால், “அது மூணு மணி நேரம் ஓடுதுப்பா. வேலவெட்டி இல்லாதவன் பாப்பான்” என்பார்.

அவரிடம் வந்தவர்கள் கிரிக்கெட்டில் கழித்துவிடப்பட்டவர்கள். கன்னிகாவும் அப்படித்தான். குடிபாலா பக்கத்துப் பெண். திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். கல்லூரிக் கிரிக்கெட் அணியில் எப்போதும் பன்னிரண்டாவது ஆள், தண்ணீர் பாட்டிலோடு மைதானத்துக்குள் ஓடும் உரிமை மட்டும் பெற்றவள்.

ஜெகநாதன் அவளைக் குந்தி எழ வைத்தார். குப்பம் ஊர்க் குவாரியில் கழித்துப்போட்ட கிரானைட் துண்டுகளைத் தூக்க வைத்தார். பழைய கூடைப்பந்தில் மணலை நிரப்பி, இடுப்பைத் திருப்பிச் சுவரில் எறிய வைத்தார். பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நட்டு, அதன் தலையில் பந்தை வைத்து, வலைக்குள் அடிக்க வைத்தார்.

“இடுப்பு மொதல்ல வரணும்மா, கையி அப்பறமா வரட்டும். கையி இன்னா, கூலியாளு. மொதலாளி இடுப்புதான்.”

“எங்க நைனா கேக்குறாரு சார், காலேஜுல படிக்கிறியா, கல்லு ஒடைக்கிறியான்னு.”

“அவருக்கு இன்னா தெரியும்? அடி!”

அடித்தாள். சில வாரங்களிலேயே அவள் அடியில் வலை கிழிந்தது. ஒருநாள் அவளே கேட்டாள்: “அடிச்ச பெறவு ஓடணுமாமே சார்? அத எப்ப சொல்லித் தருவீங்க?”

“ஓடறதுக்குக் கூடவா கோச்சு? தெருநாய் கூட ஓடுது. நீ அடிம்மா.”

கார் நிறுத்துமிடத்தின் கீழே ஓட இடமும் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை.

மாவட்டச் சங்கத்தின் செயலாளர் கிரண்குமார் அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். சித்தூரில் நடக்கும் தேர்வு ஆட்டத்தில் ஜெகநாதன் தயார்செய்த ஒரு பெண்ணாவது மாவட்ட அணிக்குள் வந்துவிட்டால், மாநிலப் போட்டிக்கு அவர்தான் கோச். மாஸ்டர் என்று அழைக்கப்பட்டு அலுத்துப்போன ஜெகநாதனுக்குத் தூக்கத்திலும் அதே நினைப்பு. கிரண்குமார் நல்ல மனிதர். கபடி, வளையப்பந்து, பேஸ்பால் மூன்றுக்கும் அவரே செயலாளர். மூன்றிலும் அவருக்கு ஒரே அளவு ஞானம்.

சித்தூர் மைதானத்தில் அன்று, முந்தின வாரக் கிரிக்கெட் போட்டிக்குப் போட்ட சுண்ணாம்புக் கோடு அழியாமல் இருந்தது. அம்பயரும் ஆட்களைத் தேர்ந்தெடுப்பவரும் குப்பத்திலிருந்து வந்த சபீனா, பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அந்த வளாகத்தில் ஆட்ட விதிகளைப் படித்திருந்த ஒரே ஆள் அவர்தான். ஆகவே யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை.

கன்னிகாவின் முறை வந்தது. இடுப்பு முதலில் வந்தது, கை அப்புறம் வந்தது. தரையில் ஒருமுறை தட்டிய பந்து ஆட்களுக்கு நடுவே சீறிப் போய்ச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியது. மட்டையைப் போட்டுவிட்டு அவள் பாதி தூரம் ஓடியிருப்பாள்.

“நில்லு கன்னிகா! ஃபோர்!” என்று ஜெகநாதன் கூவினார், கையை இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டு. பந்தலுக்குள்ளிருந்து கிரண்குமாரும் அதேபோல் கையை வீசினார். கன்னிகா நின்றாள். பந்தை விரட்டியவர்களும் நின்று கைதட்டினார்கள். கோகோ ஆட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் மட்டும், கிரிக்கெட் அறியாத பாவி, பந்தை எடுத்து, கன்னிகா ஓடிச் சேரவேண்டிய முதல் பேஸுக்கு எறிந்தாள்.

“அவுட்” என்றார் சபீனா.

கிரண்குமார் எழுந்து வந்தார். “ஏமம்மா, எப்படி அவுட்டு? கோடு தாண்டிடுச்சு கதா!”

“அது கிரிக்கெட்டுக்குப் போட்ட கோடு சார். இந்த ஆட்டத்துல ஃபோரே கெடையாது.”

“கெடையாதா? எப்பத்தில இருந்து?”

சபீனா அடுத்த ஆளை மட்டை பிடிக்கக் கூப்பிட்டார்.

கன்னிகா நேராக ஜெகநாதனிடம் வந்தாள். “நீங்கதானே நில்லுன்னீங்க?”

“ஒரு ஆர்வத்துல சொல்றதுதாம்மா. நீ பாட்டுக்கு ஓடிக்கினு இருக்க வேண்டியதுதானே?”

“அடுத்த தபா வாயத் தொறந்தீங்க, மட்டைய இந்தப் பக்கம் வீசிடுவேன் சார்.”

அடுத்த முறை ஜெகநாதன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய பயிற்சி வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த பயிற்சி அதுதான். கன்னிகா இன்னும் பலமாக அடித்தாள். யாரையும் திரும்பிப் பாராமல் இரண்டாவது பேஸ் வரை ஓடி நின்றாள். சபீனா அவள் பெயரை அணியில் சேர்த்தார்.

கிரண்குமார் அவளைப் பந்தலுக்குக் கூப்பிட்டார். ஜெகநாதன் பக்கத்தில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்குக் கோச்சு இவருதானாம்மா?”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“அடிக்கறதுக்கு இவருதான் சார். பொய் சொல்லக்கூடாது. ஓடறதுக்கு வேற யாரையாவது பாருங்க.”

வேறு ஊராக இருந்தால் இது அவமானம். கிரண்குமாருக்கோ இது ஒரு யோசனையாகப் பட்டது. “பாகுந்தி! நல்லாருக்கு!” என்று தொடையில் தட்டினார். “பெரிய நாடுல எல்லாம் இப்படித்தான், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கோச்சு.” ஜெகநாதன் ஹிட்டிங் கோச் ஆனார். ரன்னிங் கோச்சாக, பாகாலாவில் சும்மா இருந்த தன் அக்கா மகன் நிதினைக் கிரண்குமார் அங்கேயே போன் போட்டு நியமித்தார். சபீனா அதற்குள் குப்பம் பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தார்.

மாநிலப் போட்டிக்குப் புறப்பட்ட வேனில் இரண்டு கோச்சுகளும் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஊர் எல்லை தாண்டியதும் நிதின் குனிந்து, பின்னால் இருக்கும் பெண்களுக்குக் கேட்காத குரலில் கேட்டான்.

“அண்ணா, அடிச்சதும் எந்தப் பக்கமா ஓடணும்?”

ஜெகநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அது உன் டிபார்ட்மென்ட்டு தம்பி.”