லென்ஸ் சாரும் பேட்டரி வாட்சும்

எங்கள் கடையில் அவருக்கு லென்ஸ் சார் என்று பெயர். விலை உயர்ந்த கைக்கடிகாரங்கள் விற்கும் கடை அது. நான் முன்பக்கம், விற்பனை மேசையில். அவர் பின்பக்கம், கண்ணாடித் தடுப்புக்குள். வருகிற ஒவ்வொரு கடிகாரத்தையும் லென்ஸ் வைத்துப் பார்த்து, பாலிஷ் எப்படி, விளிம்பு எப்படி, முள் எப்படி என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அது என் மேசைக்கு வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதற்கே சம்பளம் வாங்கியவர்.

அந்தக் கண்ணைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தால் பிழைத்திருப்பார். முதலாளியம்மா ஆசையாக ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கி மாட்டிய அன்று நாங்கள் எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றோம். இவர் மட்டும், "பன்னெண்டு ஒரு நூல் சாஞ்சிருக்கும்மா" என்றார். சாய்ந்துதான் இருந்தது. அதற்காகச் சொல்லிவிடுவதா? நான் புதுக் கைப்பையோடு வந்தால் தையலைத்தான் முதலில் பார்ப்பார். இப்படி நொட்டை நொள்ளை சொல்கிறவரோடு உட்கார்ந்து சாப்பிட யாருக்குத் தோன்றும்? தடுப்புக்குள் தனியாகவே டிபன் பாக்ஸைத் திறப்பார், மூடுவார்.

மனைவி இறந்து நாலு வருஷம். ஒரே மகள், வேறு ஊரில் வேலை. அவள் ஒருமுறை வந்துபோன மறுநாள், வழக்கமில்லாத வழக்கமாக என் மேசைக்கு வந்து நின்றார்.

"நேத்து என் பொறந்த நாள். பொண்ணு வாட்ச் வாங்கிட்டு வந்தா. நல்ல கம்பெனிதான். ஆனா பேட்டரி வாட்ச்."

"போட்டுட்டு வரலையா சார்?"

"எங்க போடறது? பெட்டியத் தொறந்து லென்ஸ வெச்சேன். செயின் ஸ்க்ரூ பக்கமெல்லாம் கீறல். 'எவனோ கத்துக்குட்டி கை வெச்சிருக்காம்மா, உன்னை நல்லா ஏமாத்திட்டாங்க'ன்னேன். பின்மூடியையும் கழட்டிக் காட்டினேன். இத்துனூண்டு மெஷின், ஒரு பேட்டரி. இதுல கைவேலை எங்க இருக்குன்னு கேட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"என்ன சொல்லுவா? மூடிடுங்கப்பான்னா."

திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் மாதிரி சிரித்தார். பெற்ற மகள் ஆசையாக நீட்டியதைப் பத்து நிமிஷத்தில் பிரித்துப் போட்டுக் குறை சொன்ன மனிதரை என்ன சொல்ல?

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. ஞாயிறுதோறும் அரைமணி நேரம் பேசியவள், மூன்று நிமிஷத்தில் "நல்லா இருக்கேன்பா, வேலை இருக்கு" என்று முடித்துக்கொண்டாள். ஒன்றரை வருஷம் இப்படியே போனது. இடையில் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை கொடுக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று நாற்காலிகள். இரண்டில் பழைய செய்தித்தாள்கள் இடுப்பளவு உயர்ந்திருந்தன. மகளின் அறையில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. காய்ச்சலிலும் அதைப் பெருக்கியிருந்தார்.

"அவ திடீர்னு வந்து நின்னுட்டா?" என்றார். பிறகு, "அவளுக்கு எம்மேல என்னம்மா கோபம்? ஒரு தடவை வந்துட்டுப் போனா போதும்" என்றார்.

"வாட்ச்சக் குறை சொன்னீங்களே சார்."

"உள்ளதைத்தானே சொன்னேன்?"

மாத்திரையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு வாடிக்கையாளர் வந்தார். ஒரே விலையில் இரண்டு கடிகாரங்கள், ஒன்று குவார்ட்ஸ், அதாவது பேட்டரியில் ஓடுவது, இன்னொன்று சாவி கொடுத்தால் ஓடும் மெக்கானிக்கல். எதில் ஃபினிஷிங் உசத்தி என்று எழுதித் தரச் சொன்னார். முதலாளியம்மா பொறுப்பை லென்ஸ் சாரிடம் கொடுத்தார். மெக்கானிக்கலைப் பிரித்துப் பார்க்கத் தடையில்லை. குவார்ட்ஸ் மட்டும் வேறொருவருக்காக எடுத்து வைத்தது. மேலே ஒட்டிய படலத்தைக்கூட உரிக்கக் கூடாது.

"அதே மாடல் எங்கிட்ட ஒண்ணு கெடக்கு" என்றார் லென்ஸ் சார்.

மறுநாள் மகள் கொடுத்த பெட்டியோடு வந்தார். ஒன்றரை வருஷம் அலமாரியில் கிடந்தும் அது பத்து நொடிதான் பிசகியிருந்தது. அதைக்கூட அவர் குறையாக எழுதிக்கொள்ள இடம் தேடியிருப்பார்.

மூன்று நாள் பார்த்தார். முதல் நாள் மெக்கானிக்கல்தான் முன்னால் நின்றது. பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சக்கரங்களும் வரிவரியான பாலிஷும் ஜொலித்தன. இரண்டாம் நாள் டயலைக் கழற்றினார். வாங்குகிறவர் கண்ணுக்கு என்றைக்கும் படாத அந்தப் பக்கத்தில் மெஷின் வெட்டிய தடம் தேய்க்காமல் அப்படியே கிடந்தது. குவார்ட்ஸுக்குப் பின்மூடி முழு உலோகம். உள்ளே எட்டிப் பார்க்க வழியே இல்லாததால், தன்னுடையதன் மூடியைக் கழற்றினார். அன்றைக்கு அவர் மேலோட்டமாகப் பார்த்துச் சிரித்த அந்தச் சின்ன மெஷினில், விளிம்புகளை யாரோ கையால் சாய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்திருந்தார்கள்.

"முள்ளப் பாரும்மா" என்று என்னைக் கூப்பிட்டு லென்ஸைக் கொடுத்தார். "மெக்கானிக்கல் முள்ளு வழுக்கிட்டே ஓடுது, கோட்டுல நேரா நிக்குதான்னு எவனும் கேக்க முடியாது. இது நொடிக்கு நொடி நின்னு போகுது. துளி விலகியிருந்தாலும் அறுபது கோட்டுலயும் மாட்டிக்கும். மாட்டல, பாரு. ஒண்ணுலகூட விலகல."

குரலில் சுருதி இறங்கியிருந்தது. குவார்ட்ஸை அவர் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் தாளில் ஒரே ஒரு வரி பாக்கி: கையில் உட்காரும் விதம். அதை எப்போதும் வேறு யாராவதுதான் செய்வார்கள். அவர் மணிக்கட்டு ஒல்லி. எந்தச் செயினும் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போகும். அன்றைக்கு வேறு ஆண்கள் யாரும் கடையில் இல்லை. சலித்துக்கொண்டே மகள் கொடுத்த கடிகாரத்தைக் கையில் மாட்டிக் கொக்கியை அழுத்தினார்.

வழுக்கவில்லை. விரல் நுனி நுழையும் இடைவெளி விட்டுக் கச்சிதமாக உட்கார்ந்தது.

கையை அசைத்துப் பார்த்தார். கழற்றிச் செயின் கண்ணிகளை எண்ணினார். கடையில் இருந்ததைப் படலத்துக்கு மேலாகவே எண்ணினார். இவருடையதில் மூன்று குறைவு. லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு அந்தக் கீறல்களுக்குப் போனார். நான்கு ஸ்க்ரூக்கள் கழற்றி மாட்டப்பட்டிருந்தன. முதலாவதைச் சுற்றி ஆறேழு கீறல். அடுத்ததில் நாலு. மூன்றாவதில் ஒன்று. கடைசியில் ஒன்றுமே இல்லை. எல்லாமே ஸ்க்ரூ டிரைவர் வழக்கத்துக்கு மாறான பக்கமாக வழுக்கியவை.

"எடது கை" என்றார், என்னிடம் இல்லை. அவர் மகள் இடதுகைக்காரி.

கடிகாரத்தில் ரேகை படாமலிருக்கப் போடும் விரல்நுனி உறைகளைக் கழற்றத் தோன்றாமல் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். வேலை நாள், நடுப்பகல். நான் எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை.

"என்னப்பா, இந்த நேரத்துல? உடம்புக்கு ஏதாவதா?"

"இல்லம்மா. அந்த வாட்ச்... செயினக் கொறச்சது நீதானா?"

அந்தப் பக்கம் கதவை மூடும் சத்தம் கேட்டது.

"இப்பதான் தெரிஞ்சுதா?"

"எங்கை அளவு உனக்கு எப்படி?"

"வாட்ச் கொண்டுவந்ததுக்கு முந்தின தடவை வந்தப்ப, நீங்க தூங்கறப்ப நூல் வெச்சு அளந்தேன். அம்மா போனப்புறம் ரொம்ப எளச்சிட்டீங்கப்பா."

லென்ஸ் சார் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "கடையிலயே கொறச்சுத் தருவாங்களேம்மா. நீ எதுக்கு ராஜாத்தி கையப் புண்ணாக்கிக்கிட்டு..."

"தரேன்னுதான் சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்." என்றாள். "ஊர் உலகத்துல யார் கைவேலையப் பார்த்தாலும் சொல்லிடுவீங்களே. இதப் பார்த்ததும் 'இது எம்பொண்ணு கை'ன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்பா."

எத்தனை ஆயிரம் தாளில் எத்தனை குறை எழுதிய மனிதர்! கண்ணில் செருகியிருந்த லென்ஸ் நனைந்து நழுவி மேசையில் விழுந்தது.

"அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா" என்றார்.