கோடு போடாத கல்

என் அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் நைனாவுக்கு, நிலம் இருக்கிறது என்று திருப்பதி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் நாளே கதை அளந்துவிட்டேன். கையகல நிலம்கூடக் கிடையாது. கிரானைட் வெளிநாடு போக ஆரம்பித்த காலத்தில், சத்தியவேட்டுப் பக்கமிருந்து குப்பம் குவாரிக்குக் குடும்பத்தோடு கூலிக்குப் போனவர்கள் நாங்கள். பள்ளி விடுமுறையெல்லாம் எனக்கு உளியும் சம்மட்டியும்தான்.

எங்கள் ஆராய்ச்சியின் பெயர்தான் பெரிது, வேலை என்னவோ விரிசல் அடைப்பது. கண்ணுக்கே தெரியாத கார்பன் நானோ குழாய்களைப் பிசினில் கலந்து, விரிசல் விட்ட கிரானைட்டுக்குள் ஏற்றுவோம். பிறகு இயந்திரத்தில் வைத்து உடையும்வரை அமுக்குவோம். குப்பத்திலிருந்து கல்லை உருளை உருளையாக வெட்டி வாங்கி வருவது என் பொறுப்பு. பிசின் கலப்பது நகரியிலிருந்து வந்த என் ஜூனியர் பெண்.

ஒரே கலவை போட்ட கற்களில் ஒன்று நன்றாகத் தாங்கியது, அடுத்தது பொசுக்கென்று பிளந்தது. குழாய்கள் கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டன, கலக்கியதில்தான் கோளாறு என்றார் எங்கள் பேராசிரியர். அவள் சாப்பாட்டு நேரத்திலும் கலக்கினாள். மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று அவர் சொன்ன அன்று, கை கழுவும் தொட்டியருகே நின்று அழுதாள்.

அன்றுதான் உடைந்த துண்டுகளை எடுத்துத் தடவிப் பார்த்தேன். சீக்கிரம் பிளந்ததெல்லாம் வழவழவென்று இருந்தது, தாங்கியதெல்லாம் சொரசொரவென்று. கல்லுக்குள் ஓடும் திசைதான் வாகு; கிரானைட் ஒரு வாகில் சுலபமாகப் பிளக்கும், இன்னொரு வாகில் உயிரை வாங்கும். இது குவாரியில் குழந்தைக்கும் தெரியும். எல்லா உருளையும் ஒரே வாகில் வரும்படி, வெட்டும்போதே நான் பார்த்துக் கோடு போட்டிருக்க வேண்டும். குவாரிக்குள் போனால் யாராவது என்னை அடையாளம் கண்டு பேசிவிடுவார்கள் என்று, வாசலிலேயே நின்று பெட்டியை வாங்கி வந்தவள் நான்.

சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு வாரம் கழித்துத்தான், கோளாறு கலவையில் இல்லை, கல்லின் வாகில் என்று பேராசிரியரிடம் வாயைத் திறந்தேன். அவள் பக்கத்து மேசையில் பிசினைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

“எவரு செப்பாரு?” யார் சொன்னது என்று தெலுங்கில் கேட்டார்.

“யாரும் சொல்லல சார். நானே குவாரியில கல்லு ஒடச்சிருக்கேன்.”

“அப்ப இந்தத் தடவை கோடு போட்டு எடுத்துட்டு வா” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். இத்தனை வருடம் நான் பொத்திப் பொத்தி வைத்த ரகசியம் அவ்வளவுதான்.

அவள் கலக்குவதை நிறுத்தினாள்.

“எப்பக்கா தெரிஞ்சிச்சி?”

“நீ அழுத அன்னிக்கி.”

“நீ கல்லு ஒடச்சிருந்தா எனக்கு இன்னாக்கா? ஒரு வாரமா நான் அழுதுக்கினு இருந்தேன். நீ பாத்துக்கினு இருந்த.”

கோடு போட்ட புதுக் கற்கள் வந்தன. அவள் கலவையில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தது. நான் படிப்பை முடிக்கும்வரை அவள்தான் பிசின் கலந்து தந்தாள். அக்கா என்று மட்டும் பிறகு கூப்பிடவில்லை, மேடம் என்றாள்.